ஹிசாகோ அம்மாள் திருப்பிக் கொடுத்த கவர்

திருமலையப்பனுடையது கொடுத்துப் பழகிய கை. ரயிலடிப் போர்ட்டர், ஓட்டல் சர்வர், கோயில் வாசலில் செருப்புக் காப்பவர், யாரையும் வெறுங்கையோடு விட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஜப்பானுக்குப் போய் வந்ததிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தார். ஒரே மகன் கோமதிநாயகம் அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அப்பா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு காலையில் தம் குரு சிவகாமி அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். அம்மா வயதில் அவரைவிட எவ்வளவோ சின்னவர். ஆனாலும் எந்தக் கேள்வி என்றாலும் அவருக்கு அந்த வாசல்தான்.

"அம்மா, அந்த ஊர்ல இனாம் கொடுத்தா மரியாதைக் குறைச்சலாம். எனக்குத் தெரியாமப் போச்சு."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளுக்கு. ஹிசாகோன்னு பேரு. கடைசி வரைக்கும் அவன் பக்கத்துல இருந்தது அவங்கதான். அவங்க பேசினா போன் அதைத் தமிழ்ல சொல்லும். 'உங்க மகன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்'னு ஆரம்பிச்சாங்க. அவங்க முடிக்கிறதுக்குள்ள, கொடுக்கணும்னு எடுத்து வச்சிருந்த பணக் கவரை அவங்க கையில திணிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டு கையாலயும் திருப்பிக் கொடுத்தாங்க. குனிஞ்சு கும்பிட்டாங்க. போயிட்டாங்க. அவன் கூட்டாளியை விட்டு மறுபடியும் கேட்டுப் பாத்தேன். வாயே திறக்கலையாம். காசா இல்லாம ஒரு பட்டு, ஒரு பண்டம்னு அனுப்பினா சொல்லுவாங்களா? எதும்மா முறை?"

அம்மா வேறொன்று கேட்டார்.

"கோமதி சின்னப் பிள்ளையில எப்படி இருப்பான்?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விமானச் செலவைக் கேட்டார்கள், இன்ஷூரன்ஸைக் கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. பாவி மனுஷன் உடைந்துபோனார்.

"இடின்னா பயம்மா அவனுக்கு. ஓடி வந்து என் வேட்டியில மூஞ்சியைப் புதைச்சுக்குவான். ஒரு நாள் நல்ல மழை. நான் அரிசி ஆலையில இருந்தேன். அவ்வளவு தூரம் தனியா, நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தான். நான் அவனை..."



அம்மா காணிக்கைத் தட்டிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

திருமலையப்பனுக்குச் சுருக்கென்றது. முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா இது?"

"சொன்னதுக்கு. வச்சுக்குங்க."

அவர் தாளைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அப்போ என் பிள்ளை சொன்னது எனக்குக் கிடைக்கவே கிடைக்காதாம்மா?"

"மழையில நனைஞ்சு வந்தவனை என்ன செஞ்சீங்க? இப்பச் சொல்லுங்க, கேக்கிறேன்."

திருமலையப்பன் வாயைத் திறந்தார். தட்டில் கிடந்த நூறு ரூபாய்த் தாள் கண்ணில் பட்டது. மூடிக்கொண்டார்.