புதரில் நின்ற செம்போத்து

மூங்கிலோடைக் காட்டில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. வளை தோண்டுவது, கூடு முடைவது, கரை கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஆசிரியர்கள் உண்டு. அந்த வகுப்புகளில் உட்கார இடம் கிடைக்காது. மாணவர்கள் விழுதில் தொங்கிக்கொண்டு பாடம் கேட்பார்கள்.

செவந்தி என்ற செம்போத்துப் பறவையின் வகுப்பில் மட்டும் இடம் நிறையக் கிடந்தது.

செவந்தி நடத்திய பாடம் வேறு மாதிரி. ஒரு பெரிய வேலையைப் பலர் சேர்ந்து செய்யும்போது எதை முதலில் தொடங்குவது, யார் எதைச் செய்வது, ஒருவர் செய்தது மற்றவர் செய்ததோடு பொருந்துகிறதா என்று எப்போது பார்ப்பது என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். இதையெல்லாம் போய் யாராவது படிப்பார்களா என்று மாணவர்கள் சிரித்தார்கள். தொழில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர்கள் எண்ணம். மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மதியத்தில் அவர்கள் அத்திமரத்தடியில் கூடிப் பழம் தின்பார்கள். செவந்தி போனால் பேச்சு நின்றுவிடும். சில நாள் பார்த்துவிட்டு அது போவதை விட்டுவிட்டது.

போதாக்குறைக்கு, செம்போத்து கூடு புகுந்து முட்டை தின்னும் என்று குருவிகளுக்குள் ஒரு பயம் உண்டு. செவந்தி எந்தக் கூட்டுப் பக்கமும் போனதில்லை. இருந்தும் தூக்கணாங்குருவிகள் அதன் வகுப்பில் எட்டாத கிளை பார்த்துத்தான் உட்காரும். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று செவந்தி உரக்கப் பேசப் பழகிக்கொண்டது.

அந்த வருடம் கல்லூரி முதல்வர் கொம்பனார் என்ற மிளா மான், கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஓடைக்கு அக்கரையில் தாழ்வான புல்வெளி ஒன்று இருந்தது. சருகுமான்கள் குட்டிகளோடு அங்கேதான் மேயும். ஐப்பசி மழை பிடித்தால் ஓடை பெருகிப் புல்வெளி மூழ்கிவிடும். இக்கரை மேட்டுக்கு வர வழியில்லாமல் வருடந்தோறும் சில குட்டிகள் வெள்ளத்தோடு போய்விடும். அதனால் மழைக்கு முன் மூங்கிலால் ஒரு பாலம் கட்ட வேண்டும்.

மூவர் அதற்குத் தேர்வானார்கள். கோரையன் என்ற காட்டுப்பன்றி குழி தோண்டிப் பாலத்துக்குக் கால் நடும். உளியன் என்ற மரங்கொத்தி மூங்கிலில் துளை போடும். நாரழகி என்ற தூக்கணாங்குருவி கயிறு முறுக்கும். மூவரும் அவரவர் தொழிலில் கெட்டிக்காரர்கள்.

கொம்பனார் செவந்தியைத் தனியாக அழைத்தார். மேற்பார்வை அதனுடையது என்றார். பாலம் நிற்காவிட்டால் அந்தப் பாடத்தையே எடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

போன வருட மாணவர்களின் வேலைக்கும் செவந்திதான் மேற்பார்வை. அப்போது அது ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடி ஓடிச் சேதி சொன்னது. எல்லாவற்றையும் தானே பொருத்திப் பார்த்தது. வேலையும் முடிந்தது. ஆனால் அந்த மாணவர்கள் வெளியே போய்ச் சொந்தமாகக் கட்டிய முதல் பரண் இரண்டாம் நாளே சரிந்தது. செவந்தி வந்து சொல்லும் என்று காத்திருந்தே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இந்தத் தடவை அப்படிச் செய்வதில்லை என்று செவந்தி முடிவெடுத்தது.

மூவரும் மூன்று திசையில் போய் வேலையைத் தொடங்கினார்கள். செவந்தி நடந்தே ஒவ்வொருவரிடமும் போனது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"நீ முடித்தது அடுத்து யார் கைக்குப் போகும்? அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயா?"

கோரையன் தலை நிமிராமல், தான் நடும் கால் யானை மோதினாலும் அசையாது என்றது. உளியன் தன் துளைகளைக் காட்டியது. எல்லாம் ஒரே அளவில், சீராக இருந்தன. நாரழகி தள்ளிப்போய் ஒரு கிளையில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு தடிமனான கயிற்றை இந்தக் காட்டில் யாரும் முறுக்கியதில்லை என்றது.

செவந்திக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மண் இளகிய இடமாகப் பார்த்துக் கோரையன் கால்களைத் தள்ளித் தள்ளி நட்டிருந்தது. அந்த இடைவெளிக்கு மூங்கில் எட்டாது. அந்தக் கயிறும் அந்தத் துளைகளில் நுழையாது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பாலம் நிற்கும். பாடமும் நிலைக்கும். அத்திமரத்தடியில்கூட ஒரு இடம் கிடைக்கலாம். ஆனால் இவர்கள் அடுத்த காட்டுக்குப் போய் யாரைக் கேட்பார்கள்?

மழைக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் செவந்தி ஒன்றே ஒன்றைக் கட்டாயமாக்கியது. முடிந்த வரைக்கும் செய்ததை எடுத்துக்கொண்டு மூவரும் ஓடைக்கரைக்கு வர வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும் என்றது. அரைகுறை வேலையைக் காட்டுவது அவமானம் என்று மூவரும் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

எதுவும் எதோடும் பொருந்தவில்லை. முதல் மூங்கிலே இரண்டாவது காலைத் தொடாமல் தண்ணீரில் விழுந்தது. துளையில் கயிறு நுழையவில்லை. கோரையன் உளியனைத் திட்டியது. உளியன் நாரழகியைத் திட்டியது. கடைசியில் மூவரும் செவந்தியின் பக்கம் திரும்பினார்கள்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியும்தானே, டீச்சர்?" என்றது உளியன்.

"தெரியும்," என்றது செவந்தி. "இன்னும் நாள் இருக்கிறது. இப்போது தப்பானதைச் சரிசெய்ய முடியும். மழை வந்தபின் தப்பானால் முடியாது."

தெரிந்தும் சொல்லாதவர் எதற்கு ஆசிரியர் என்று கேட்டுக்கொண்டே மூவரும் கொம்பனாரிடம் போனார்கள். கொம்பனார் அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் செவந்தியைக் கூப்பிட்டு, இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்.

"சரிங்க ஐயா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செவந்தி திரும்பி நடந்தது.

யாரும் பின்னால் வரவில்லை. செவந்தி ஓடைக்குக் கீழே ஈச்சம்புதரில் போய்த் தங்கியது. பகலில் வெட்டுக்கிளி தேடும். பொழுது சாய்ந்தால் கூப், கூப் என்று கூப்பிடும். முன்பெல்லாம் அக்கரையிலிருந்து இன்னொரு செம்போத்து பதில் கொடுக்கும். அந்த வருடம் அதுவும் கேட்கவில்லை. யாரிடமும் பேசாமல் நாள் போவது பழகிவிடும் என்றுதான் செவந்தி நினைத்தது. பழகவில்லை. மனதுக்குள்ளேயே பாடம் நடத்தியது. நடத்தி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டு, சற்று நேரம் நின்று பார்த்தது.

மழை எதிர்பார்த்ததற்கு முந்தியே வந்துவிட்டது. தூறலில் நனைந்தபடி செவந்தி புதர் ஓரமாக ஓடைக்குப் போய், கரையிலிருந்த ஒரு ஈச்சம்புதருக்குள் மறைந்து நின்றது. மூவரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அக்கரையில் சருகுமான்கள் குட்டிகளை நடுவில் விட்டு ஒட்டி நின்றன.

கோரையனும் உளியனும் இன்னும் வாக்குவாதம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். நாரழகி தாழ்ந்த கிளைக்கு வந்து, "டீச்சர் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்," என்றது.

கோரையன் பேச்சை நிறுத்தியது. ஓடையைப் பார்த்தது. அக்கரையைப் பார்த்தது. பிறகு உளியனைப் பார்த்துச் சொன்னது.

"டீச்சர் இல்லை. உன்னைத்தான் கேட்க வேண்டும். உன் மூங்கில் எவ்வளவு நீளம்?"

உளியன் மூங்கிலை இழுத்துவந்து கிடத்தியது. அதன் நீளத்தைப் பார்த்துக் கோரையன் இடையில் எங்கே இன்னொரு கால் வேண்டும் என்று கண்டுகொண்டது. நாரழகி பறந்து வந்து துளைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பிறகு தன் தடித்த கயிற்றைப் பிரித்து மெல்லிய கயிறுகளாக்கத் தொடங்கியது. எதை முதலில் முடிப்பது என்று உளியன் கேட்டது. தண்ணீர் முதலில் ஏறுவது நடு ஓடையில்தான், நடுக்காலை முதலில் நடுவோம் என்றது கோரையன். அப்படியானால் எனக்கு முதலில் வேண்டியது நடு மூங்கிலின் துளை என்றது நாரழகி.

வேலை ஓட ஆரம்பித்தது.

ஒரு தடவை கோரையன் நட்ட கால் சாய்ந்தது. மூவரும் திகைத்துப்போனார்கள். நாரழகி சுற்றும்முற்றும் பார்த்தது. அதன் பார்வை ஈச்சம்புதரின் மேல் ஒரு கணம் நின்றது.

செவந்தி ஒரு காலைத் தூக்கியது. ஒரு எட்டு வைத்தால் போதும். எல்லோரும் ஓடி வருவார்கள். டீச்சர், டீச்சர் என்று சுற்றி நிற்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! ஆனால் அதன்பின் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். தன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

செவந்தி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

நாரழகி பார்வையைத் திருப்பி, "அண்ணே, சாய்ந்த பக்கம் நான் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்கட்டுமா?" என்று கோரையனைக் கேட்டது.

பொழுது போகுமுன் பாலம் நின்றது. அழகாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் சற்றுக் கோணல்தான். ஆனால் சருகுமான்கள் ஒவ்வொன்றாக அதன் மேல் நடந்து வந்தன. கடைசியாக வந்த தாய், தயங்கி நின்ற குட்டியைப் பின்னாலிருந்து முட்டிக்கொண்டே வந்தது. அவை மேட்டில் ஏறியபின் ஓடை புல்வெளிக்குள் புகுந்தது. அந்த வருடம் ஒரு குட்டியும் வெள்ளத்தோடு போகவில்லை.

கொம்பனார் வந்து மூவரையும் பாராட்டிப் பட்டம் கொடுத்தார். வேலை தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் தேவையில்லை என்று தான் நினைத்தது சரியாகிவிட்டது என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். செவந்தியின் பேரை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பாடமும் திரும்ப வரவில்லை.

கோடையில் ஒருநாள் செவந்தி வெட்டுக்கிளி தேடிக்கொண்டு குளத்துப் பக்கம் போனது. அங்கே உடைந்த கரையை அடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாரழகி புதிதாக வந்த சின்னக் குருவி ஒன்றிடம் பேசிக்கொண்டிருந்தது.

"முறுக்குவதற்கு முன்னால் போய்க் கேட்டுவிட்டு வா. இந்தக் கயிறு யார் கைக்குப் போகிறது? அவருக்கு எவ்வளவு தடிமன் வேண்டும்?"

யார் சொல்லிக் கொடுத்தது என்று சின்னக் குருவி கேட்டது. நாரழகி யோசித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பாலம் கட்டும்போது நாங்களே தெரிந்துகொண்டோம் என்றது.

கோரைப்புல்லுக்குள் நின்று செவந்தி அதைக் கேட்டது. வலித்தது. அந்த வலிக்கு அடியில் ஏதோ ஒன்று நிறைந்தும் இருந்தது. பிறகு சத்தம் எழாமல் புல்லை விலக்கிக்கொண்டு அது தன் வழியே நடந்தது.

அடுத்தவர் பங்கைக் கேட்டறிந்து தன் பங்கைச் செய்பவர்களால்தான் பெரிய வேலை நிறைவேறும். அதைக் கற்றுத்தருபவரோ, தான் மறக்கப்படுவதற்கும் துணிய வேண்டும்.