பத்தொன்பது போடுங்க

நாற்பத்திரண்டு வயதில் புண்ணியகோடி மறுபடியும் புது ஆளாக வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வருடம் அரசு வங்கியில் இருந்தவர், அதில் கடைசி ஐந்து வருடம் கிளை மேலாளர். இப்போது சேர்ந்திருப்பது நுங்கம்பாக்கத்தில், ஆறாவது மாடியில். வங்கிகள் கொடுக்கத் தயங்கும் கம்பெனிகளுக்குத் தனியாரிடம் திரட்டிய பணத்தைக் கடனாகக் கொடுக்கும் நிறுவனம். பதவி அனலிஸ்ட். வங்கியில் டீ மேசைக்கு வரும். இங்கே மெஷினில் அவரே பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கையில இருந்த களாக்காயை விட்டுட்டீங்களே மாப்பிள்ளை," என்றார் மாமனார். அது சுருக்கென்று தைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். முதல் கடனை, கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் கமிட்டியில் ஒப்புக்கொள்ள வைத்தால்தான் வேலை நிலைக்கும்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மெர்லின். வயது முப்பத்துமூன்று. நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வார்.

ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று நாற்பது கோடி கேட்டிருந்தது. புண்ணியகோடி நாலு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு சோதனை இருக்கும். விற்பனை சரிந்தாலும் கடன் திரும்பி வருமா என்று பார்ப்பது. வருமென்றால் கட்டம் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

வியாழக்கிழமை காலை அதை மெர்லினிடம் காட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது.

"விற்பனை எவ்வளவு விழும்னு வச்சிருக்கீங்க சார்?"

"பதினெட்டு சதவீதம் மேடம்."

"ஏன் பதினெட்டு?"

"அந்தத் தொழிலோட போக்கைப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாவே..."

"பத்தொன்பது போடுங்க."

புண்ணியகோடி லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பத்தொன்பது போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக இறங்கி, பச்சை வந்த இடத்தில் நிறுத்தியவர் அவர்தானே.

போட்டார். கட்டம் சிவப்பானது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கிளையில் எத்தனை பேருடைய இந்த மாதிரிக் கணக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்!

"ஒரு கம்பெனி எவ்வளவு தாங்கும்னு எப்படித்தான் மேடம் கண்டுபிடிக்கிறது?"

"என்னை ஏன் கேக்கறீங்க? தாங்கினவரைக் கேளுங்க," என்று மெர்லின் எழுந்து போனார்.

மறுநாள் காலை ரயிலில் புண்ணியகோடி ஆம்பூர் போனார். முதலாளி அத்தாவுல்லாவுக்கு அறுபது வயது. கடன் கையெழுத்தாகப் போகிறது என்ற சந்தோஷத்தில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், உங்க தொழில்லயே மோசமான வருஷம் எது?"

அத்தாவுல்லா சிரித்தார். "உங்க ஆபீஸ்ல எவ்வளவோ கேட்டாங்க, இதை யாரும் கேக்கலையே! ஆறு வருஷத்துக்கு முன்னாடி. ஜெர்மனியில ஒரு பார்ட்டி கடையை மூடிட்டான். விற்பனை நாப்பத்தொரு சதவீதம் விழுந்துச்சு."

புண்ணியகோடியின் கையில் இருந்தது கடைசி ஐந்து வருடக் கணக்குதான்.

"எப்படித் தாக்குப்பிடிச்சீங்க?"

"அப்ப எனக்குக் கடன் இல்ல சார். அதனாலதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப நாப்பது கோடி கடன் இருந்திருந்தா?" புண்ணியகோடி மெதுவாகத்தான் கேட்டார்.

"ஃபேக்டரி இருந்திருக்காது."

இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தார்கள். புது ஷெட், புது ஆபீஸ் கட்டடம், இரண்டு மெஷின் என்று நாற்பது கோடிக்கான பட்டியல் நீளமாக இருந்தது.

"ஷெட்டும் கட்டடமும் என் மகனோட ஆசை," என்றார் அத்தாவுல்லா. "மெஷின்தான் எனக்குத் தேவை."

மெஷினுக்குப் பதினாறு கோடி போதும். நாற்பத்தொரு சதவீதம் விழுந்தாலும் கட்ட முடிகிற மாதிரி, முதல் வருடம் வட்டி மட்டும், அப்புறம் அசல். சாயங்காலம்தான் முடிந்தது. ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்பிடாமல் திரும்பிய ஆள் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

திரும்பும் ரயிலில் அவருக்குப் பயம் வந்தது. பதினைந்து கோடிக்குக் கீழே என்றால் நிறுவனம் தொடாது. பதினாறு என்றால் கமிட்டி உதட்டைப் பிதுக்கலாம். நாற்பது கோடிக்குப் போனவன் பதினாறோடு வந்து நின்றால் மாமனார் என்ன சொல்வார்? ஆனாலும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. வங்கியை விட்ட பிறகு இப்படி நிமிர்ந்து அவர் உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமை மெர்லின் முன்னால் லேப்டாப்பை வைத்தார். பதினாறு கோடி, நாற்பத்தொரு சதவீதச் சரிவு. கட்டம் பச்சை.

மெர்லின் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு போடுங்க சார்."

புண்ணியகோடி போட்டார். கட்டம் சிவப்பானது. லேப்டாப்பை இன்னும் நன்றாக மெர்லின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க மேடம். நாப்பத்தொண்ணு வரைக்கும் அவர் அடிபட்டு மீண்டிருக்கார். அதுக்கு மேல போனா நம்ம பணம் வராது. முதல் பக்கத்துலயே இதை எழுதிட்டேன்."

மெர்லின் முதல் பக்கத்தைப் படித்தார்.

"ஒரு சந்தேகம் மேடம். அன்னிக்கும் ஒண்ணு கூட்டினதும் சிவப்பு. இன்னிக்கும் ஒண்ணு கூட்டினதும் அதே சிவப்பு. என்னதான் வித்தியாசம்?"

மெர்லின் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க லேப்டாப்பை உங்க பக்கம் திருப்பிக்கிட்டீங்க," என்றார். "திங்கக்கிழமை கமிட்டிக்கு நான் வரலை சார். நீங்களே பேசுங்க."