ஓட்டைச் சட்டி

தணிகாசலம் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில் தொல்லியல் ஆய்வுக்குச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை அஞ்சுகத்துக்கு நாற்பத்தொன்று. இவர் அவளை "அம்மா" என்பார். அவள் இவரை "சார்" என்பாள். அகழாய்வில் கிடைப்பதையெல்லாம் படம் வரைகிற எனக்கு இரண்டும் பழகிவிட்டது.

நெடுவரப்பூரில் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வீட்டைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அரசனுமில்லை, கோயிலுமில்லை. சாதாரண ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துறங்கிய வீடு. பாதிதான் வெளியே வந்திருந்தது. அனுமதி முடிய இன்னும் நாலே நாள்.

அப்போதுதான் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சட்டி கிடைத்தது. அடியில் ஆறு ஓட்டை. சுற்றிலும் கரி.

தணிகாசலம் ஓட்டைகளை விரல் வைத்து எண்ணினார். "ஆறு! முருகா!" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நேரே ஊருக்குள் போய்த் தலைவர் வைத்தியலிங்கத்திடம் சொல்லிவிட்டு வந்தார். ஆறுமுகனுக்கு ஆறு கண் பானை, வேள்விக் கரி, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்புறம் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை காலை அந்தக் குழியிலேயே வேல் நட்டு, மேலே கொட்டகை போடுவதாக ஊர் முடிவு பண்ணிவிட்டது. வேல் நட்ட இடத்தில் யார் மண்வெட்டி போடுவது? மிச்ச வீடு மண்ணுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்கு அவர் மேல் கோபம். அஞ்சுகம் வழக்கம்போலக் குழிக்குள் இறங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் நாற்பது பக்கக் கட்டுரையோடு வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு சந்தேகம். இது எந்தப் பூஜைக்கு உண்டான பானைன்னு எழுதட்டும்?"

அஞ்சுகம் கட்டுரையை வாங்கவில்லை. மண் சலித்துக்கொண்டிருந்த பூங்காவனத்தைக் கூப்பிட்டாள்.

"பூங்காவனம், இந்தச் சட்டி மேல இருக்கிற மண்ணைக் கொஞ்சம் துடைச்சுக் குடு."

"ஐயையோ, வேண்டாம்மா!" தணிகாசலம் பதறினார். "மண்ணோட இருந்தாத்தான் புனிதம்."

"மெதுவாத் துடைப்பா சார்."

பூங்காவனம் சட்டியை மடியில் கவிழ்த்து வைத்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னடி?" என்றாள் அஞ்சுகம்.

"ஆறுன்னீங்களே, இங்க ஏழாவது ஒண்ணு அடைச்சுக் கெடக்கு. பாருங்க, புட்டு அவிக்கிற சட்டிதான் அக்கா இது. செஞ்சவ ஒரு ஓட்டையைப் பெருசாக் குத்திட்டா. மாவெல்லாம் கீழ தண்ணியில கொட்டியிருக்கும். அவசரத்துல களிமண்ணை உருட்டி அப்பியிருக்கா. கட்டைவிரல் அழுத்தினது அப்படியே இருக்கு."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"அப்போ வேள்விக் கரி?"

"அடுப்புக் கரி சார்."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. ஏழாவது ஓட்டை லேசான மண் பூச்சோடு அவர் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. ஆறு வேண்டுமென்று பார்த்தவருக்கு ஆறுதான் தெரிந்தது.

"ஊர்க்காரங்ககிட்ட என்னன்னும்மா சொல்றது?"

"புட்டுச் சட்டின்னு சொல்லுங்க."

"அடிப்பாங்க."

"பக்கத்துல நானும் நிக்கிறேன். ரெண்டு பேரும் பகிர்ந்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை மேளத்தோடு ஊரே திரண்டு வந்தது. முன்னால் வைத்தியலிங்கம், கையில் வேலோடு. தணிகாசலம் குழியோரம் நின்றார். தாலுகா ஆபீஸில் எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவர், அன்றைக்கு முதலில் கையைக் கூப்பினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் தப்பாச் சொல்லிட்டேன். இது சாமி பானை இல்ல. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த ஒரு பொம்பளை புட்டு அவிச்ச சட்டி."

மேளம் நின்றது. நான் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குத் தோதாக நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன மாவு? அரிசியா, கேழ்வரகா?"

"நம்ம மண்ணுக்கு அரிசிதான்!"

"ஆமா, நீ கண்டே! அந்தக் காலத்துல ஏழை வீட்டுக்கு ஏது தெனமும் அரிசி?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. தேங்காய் உண்டா, வெல்லம் உண்டா, மூடி என்னத்தில் போட்டிருப்பாள், எல்லாம் பேசினார்கள். பூங்காவனம் பெரிய ஓட்டை விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமியார் என்ன ஏச்சு ஏசினாளோ!" என்றாள் ஒருத்தி. மேளக்காரர்கூடச் சிரித்தார்.

வைத்தியலிங்கம் கையிலிருந்த வேலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினார். "சாமி பானை இல்லேன்னா போகுது. நம்ம ஊரு சட்டிதானே? எங்கே, காட்டுங்க" என்று குனிந்தார்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அஞ்சுகம் சட்டியைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருத்தராக வந்து அந்தக் களிமண் அடைப்பைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி நகரவேயில்லை. அந்தக் கட்டைவிரல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் இடித்தும் நகரவில்லை.

பிறகு தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இவ பேரு என்னங்கய்யா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். நாற்பது பக்கத்தில் அது இல்லை. அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, என்ன சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க சார். சொல்லிட்டு மண்வெட்டியை எடுங்க."