உதைக்காத துப்பாக்கி

செங்கோட்டையில் ஒரு பழைய ஜமீன் பங்களாவின் நடுக்கூடத்தில் மரகதவல்லி டீச்சர் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பயந்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் வேட்டைக்குப் போக முடியாத பெரிய மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்த நூறு வருஷத்துத் துப்பாக்கிகள் அவை. குண்டு மிளகளவு. சத்தம் கைதட்டுகிற அளவு. கூடத்தின் கடைசியில் ஓர் இரும்புத் தகடு; நடுப்பொட்டில் பட்டால் மணி அடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

டீச்சருக்கு நாற்பது வயது. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் பலவேசம், அறுபத்து மூன்று. ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாசமாக வருகிறார். ஒரு தடவைகூட அவருக்கு மணி அடித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் காலையிலேயே வந்து நின்றார். சட்டைப்பையில் மகளின் கடிதம். வாசித்து வாசித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது.

"பதினோரு மணி பஸ்ஸுல இசக்கி வாரா டீச்சர். புனலூர்லேர்ந்து மதுரைக்குப் போறாளாம். பஸ் இங்கன இருபது நிமிஷம் நிக்கும், வந்தா பிள்ளையைப் பாக்கலாம்னு எழுதியிருக்கா."

"நல்ல சேதிதானே அண்ணாச்சி. அப்புறம் இங்க என்ன செய்யுதீய?"

"வீட்ல இருப்புக் கொள்ளல."

எப்படிக் கொள்ளும்? இசக்கி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய் ஆறு வருஷம். போன வருஷம் ஒருநாள் போன் செய்தாள். "அப்பா" என்றாள். சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து மனுஷன் முந்திக்கொண்டார். "இப்பத்தான் அப்பன் நெனப்பு வந்துச்சாக்கும்?" அவள் போனை வைத்துவிட்டாள். குழந்தை பிறந்த சேதியைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு ஒரு சொந்தக்காரர் சொல்லித் தெரிந்தபோது பலவேசம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பாவம்.

அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு தகட்டின் அடிவிளிம்பில் பட்டது. இன்னொன்று சுட்டார். அதுவும் கீழேதான் போனது.

"முப்பது வருஷம் பெரிய துப்பாக்கி பிடிச்ச கை இது. இந்தப் பொம்மையில ஏன் தப்புது? சொல்லித் தொலைங்களேன் டீச்சர்!"

டீச்சர் துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று குண்டு போட்டுக் கொடுத்தாள். அவர் சுட்டார். கீழே போனது. மறுபடியும் வாங்கித் திரும்பி நின்றாள். மறுபடியும் கொடுத்தாள்.

பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் முனை நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. தோள் பின்னால் போயிருந்தது. கண் இறுக மூடியிருந்தது.

டீச்சர் இந்தத் தடவை குண்டே போடவில்லை.

"இது சுடும்போது பின்னால உதைக்குமா அண்ணாச்சி?"

"உதைக்காது."

"பின்னே தோள் எங்க ஓடிச்சு?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "படையில பெரிய துப்பாக்கிகிட்ட வாங்குன உதை அப்படி. விசையைத் தொடுமுன்னயே உடம்பு இறுகிரும்போல. கண்ணை மூடுனது சத்தியமா எனக்கே தெரியாது."

"நாலு மாசமா இப்படித்தான் மூடுதீய."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நம்பியிருப்பீயளா? ஏட்டையாவாச்சே!"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். வெளியே கேரளத்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே இருந்த பஸ் நிலையத்துக்குள் திரும்பியது. மணி பதினொன்று.

பலவேசம் வாசல்வரை போனார். படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டார்.

"டீச்சர், மூணு நாளா யோசிச்சு வச்சிருக்கேன். அவ இப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்லணும், அப்படிக் கேட்டா அப்படின்னு."

"எத்தனை பதில் வச்சிருக்கீய?"

"ஆறேழு இருக்கும்."

"அவ இன்னும் பஸ்ஸை விட்டே இறங்கலையே அண்ணாச்சி."

பலவேசத்தின் கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் நின்றார். பயமாக இருந்தது அவருக்கு. அறுபத்து மூன்று வயதில், பெற்ற மகளைப் பார்க்கப் பயம்.

"நாலு பேர் பாக்க, நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டுட்டான்னா?"

டீச்சர் அவர் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள்.

"கேக்கட்டும். நீங்க பிள்ளையைக் கையில வாங்கிக்கிட்டுக் காது குடுத்துக் கேளுங்க."