ஒரு வீட்டுக்கு ஒரு சாக்கு

இதில் பொய் ஏதாவது இருந்தால் அது என் தலையில் விழாது. தெய்வசிகாமணி மேஸ்திரி சொன்னார், ரங்கராசுவின் மாவு மில்லில் உட்கார்ந்து நான் கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் குறைத்துத்தான் இங்கே சொல்கிறேன். முழுசாகச் சொன்னால் என்னையும் அவரோடு சேர்த்துவிடுவீர்கள்.

எங்கள் குறிஞ்சி நகர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக் குப்பையைத் தினமும் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தோட்டக் குப்பைக்கு, அதாவது இலை, தழை, கிளை, தென்னை மட்டைக்கெல்லாம், வாரத்தில் ஒரு நாள்தான் தனி வண்டி வரும். அதிலும் ஒரு வீட்டுக்கு ஒரு சாக்குதான். இரண்டாவது சாக்கை வாசலில் வைத்தால் அது அடுத்த வாரம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் அது முதல் சாக்காகி வண்டியில் ஏறிவிடும், அந்த வாரத்துச் சாக்கு இரண்டாவதாகி வாசலில் உட்காரும். மரம் வைத்தவனுக்கு இதிலிருந்து விடுதலையே கிடையாது. இது புரிந்ததும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக மரத்தை வெட்டிவிட்டு டைல்ஸ் போட்டுக்கொண்டார்கள். டைல்ஸ் இலை உதிர்ப்பதில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் கொதிக்கும், அவ்வளவுதான்.

வெட்டாமல் விட்டவர் மேஸ்திரி ஒருவர்தான். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் மாடிக்கு மேலே கிளை விரித்து ஒரு பாதாம் மரம் நிற்கிறது. டைல்ஸ் போட்டவர்கள் எல்லாரும் மத்தியானத்தில் தங்கள் வண்டிகளை அந்த மரத்தடியில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

போன வாரம் பெய்த மழையில் தெருமுனை வடிகால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுலோச்சனா அக்காவின் வீட்டுக்குள் போய்விட்டது. அக்கா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நகராட்சியிலிருந்து வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ வடிகாலில் சருகைக் கொட்டியிருக்கிறார்கள், நீங்களே அள்ளிப் போடுங்கள், இன்னொரு தரம் இப்படி நடந்தால் இலை வண்டியே இந்தப் பக்கம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா வீட்டில் நனைந்த அரிசி மூட்டையை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு விசாரிக்கக் கிளம்பினார்.

அன்றைக்கு மில்லில் கரண்ட் இல்லை. அக்கா மிளகாய் அரைக்க வந்திருந்தார். நான் கோதுமையோடு உட்கார்ந்திருந்தேன். கேழ்வரகு டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு மேஸ்திரி உள்ளே வந்தார். வந்தவரிடம் அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“மேஸ்திரியண்ணா, உங்க வீட்டு எலையெல்லாம் எங்கீங்க போகுது?”

மேஸ்திரி டின்னை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றார். நம்புவதா வேண்டாமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சொல்லுங்கள் என்றார் அக்கா.

சொல்ல ஆரம்பித்தார்.

அவர் வீட்டு மரம் மற்ற மரங்களைப் போல உதிர்க்காதாம். மற்ற மரம் ஒரு இலையை விட்டுவிட்டு அடுத்த இலையைப் பற்றி யோசிக்கும். இது யோசிப்பதே இல்லை. சம்பூரணத்தம்மா, அதாவது அவர் சம்சாரம், கேட்டிலிருந்து கிணறு வரை கூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கூட்டின தடமே இருக்காதாம். ஒரு நாள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் இடுப்பு வரை மூடிவிட்டதாம். இரண்டாவது வார்த்தை பேசினாராம், ஆளையே காணோம். அப்புறம் இவர் போன் போட்டு, மணி அடித்த இடத்தைத் தோண்டி ஆளை எடுத்தாராம்.

சம்பூரணத்தம்மா பக்கவாதம் வந்து நடக்க முடியாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்த இடத்தில் மட்டும் யாரும் குறுக்கே பேசவில்லை.

“செரி, ஒரு சாக்குதானே எடுப்பாங்க. மிச்சத்த என்ன பண்ணுவீங்க?” என்று ரங்கராசு எடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே என்றார் மேஸ்திரி. ஆலையில் பஞ்சை அமுக்கிப் பேல் மூட்டை கட்டினவருக்கு இலையை அமுக்கத் தெரியாதா? முதலில் சாக்குக்குள் இறங்கி மிதித்தாராம். பிறகு மாடியிலிருந்து சாக்குக்குள் குதித்தாராம். அதுவும் போதாமல், பக்கத்துத் தெருவுக்குத் தார் போட வந்த ரோடு ரோலரை வழிமறித்து, டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சாக்கின் மேல் முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னாராம். ஒரு வருஷத்து இலை முழுதும் ஒரே சாக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வாய் கட்டக் கயிறுகூட மிச்சமாம்.

அக்கா இந்த இடத்தில் நிறுத்தினார். காலனி உண்டான நாளிலிருந்து இங்கே எந்தத் தெருவுக்கும் தார் போட்டதில்லை, அதற்காக மனு கொடுத்துக் கொடுத்து தன் கை ஓய்ந்துபோயிருக்கிறது, அப்படியிருக்க ரோலர் எப்படி வந்தது என்று கேட்டார்.

“வந்துதுங்க அம்மணி. ரோட்டப் பாத்துது, திரும்பிப் போயிருச்சு. போற வழியிலதான் நான் புடிச்சேன்” என்றார் மேஸ்திரி.

சாக்கை வாசலில் வைத்ததும் வாசல் அரை அடி கீழே இறங்கிவிட்டதாம். குப்பை எடுக்கிற மாரக்கா தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. தெருவே சேர்ந்து தூக்கி வண்டியின் பின்னால் வைத்தது. வைத்தவுடன் வண்டியின் முன்பக்கம் மேலே எழுந்துவிட்டது. டிரைவர் பாதாம் மரக் கிளை உயரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஆபீசுக்குப் போன் போட்டு, சார், நான் மேலே இருக்கிறேன் என்று சொன்னானாம். அதிகாரி வந்து பார்த்தார். ஒரு வீட்டுக்கு ஒரு சாக்கு என்பது நீங்கள் போட்ட சட்டம், இது ஒன்றுதானே, எண்ணிப் பாருங்கள் என்றாராம் மேஸ்திரி. அதிகாரி எண்ணிப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

உடனே சட்டம் மாறியது. ஒரு ஆள் ஒற்றைக் கையால் தூக்குகிற சாக்காக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி அதற்கும் மசியவில்லை. எடைக்குத்தான் சட்டம், நீள அகலத்துக்கு இல்லையே. ஒரு கல்யாணப் பந்தல் துணி முழுவதையும் வாங்கி வந்து ஒரே சாக்காகத் தைத்தாராம். வாய் அவர் வீட்டுக் கேட்டில், அடி பஸ் ஸ்டாப்பில். இலையை அமுக்காமல் லேசாகத் தூவித் தூவி நிரப்பினார். நிரம்பியதும் அது பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மாரக்கா ஒற்றைக் கையால் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்ததாம். தூக்கினது மாரக்கா, தூக்கிக்கொண்டு போனது சாக்கு. மலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் போய் இறங்கியிருக்கிறது. அங்கேயும் ஒரு வீட்டுக்கு ஒரு சாக்குதானாம், வெளியூர்ச் சாக்கு எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாரக்கா பஸ் பிடித்து வந்தாள். சாக்குக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னானாம் கண்டக்டர்.

மாரக்கா மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போனதாகத்தானே சொன்னாள் என்று நான் கேட்டேன்.

“வெளிய அப்படிச் சொல்லச் சொன்னதே நாந்தானுங்க தம்பி. பறந்து போனேன்னா ஆரு லீவு குடுப்பாங்க?” என்றார்.

ரங்கராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷின் பெல்ட்டைத் துடைத்தார். அவர் தோள் குலுங்கியது. அக்கா அசையவில்லை. அரிசி மூட்டை நனைந்தவருக்குச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் வராது.

அதற்கப்புறம் நகராட்சியே அளவு சாக்கு கொடுத்துவிட்டதாம். அதில் அடைத்தால் மட்டும்தான் எடுப்பார்கள். சரி, இருக்கட்டும் என்று இவர் இலையைக் காம்பவுண்டுக்குள்ளேயே குவிக்க ஆரம்பித்தார். குவியல் ஜன்னலைத் தொட்டது, மாடியைத் தொட்டது. மாடியில் குடியிருந்தவர்கள் படிக்கட்டை மறந்தே போனார்கள், குவியலில் ஏறித்தான் போய் வந்தார்கள். பிறகு அது மாடியையும் தாண்டிவிட்டது. தெருவுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பொழுது இறங்கியது. மயில்கள் குடி வந்தன. மேகம் வந்து முட்டி, தெருவில் இந்தச் சாரிக்கு மட்டும் மழை, எதிர்ச்சாரியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பௌர்ணமியன்று சுற்று வட்டாரத்திலிருந்து ஜனம் வந்து கிரிவலம் போனார்களாம். வழியில் நின்று நீர்மோர் ஊற்றியது யார் தெரியுமா, இந்த ரங்கராசுதான் என்றார்.

தனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை என்றார் ரங்கராசு. புண்ணியம் செய்கிறவன் மறந்துவிட வேண்டும், அதுதான் அழகு என்றார் மேஸ்திரி. நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், என் கண்ணில் எந்த மலையும் படவில்லையே என்றேன். நீங்கள் பார்த்தது பின்பக்கம், பின்பக்கம் பார்த்தால் எல்லா மலையும் ஆகாயம் மாதிரிதான் இருக்கும் என்றார்.

அக்கா இதுவரை பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது மிளகாய்ப் பையைக் கீழே வைத்தார்.

“இத்தன பாடு எதுக்குங்கண்ணா? எல்லாரு மாதிரியும் அந்த மரத்த வெட்டிப்போட்டிருக்கலாமில்லீங்களா?”

மேஸ்திரியிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

“வெட்டலாமுங்க” என்றார் மெதுவாக. “வெட்டிப்போட்டா, வெடிஞ்சதும் அவ நாற்காலிய எங்க கொண்டுபோய்ப் போடறதுங்க? டைல்ஸ் மேலயா?”

அவருக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது. அளவாகப் பேசிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, யானை வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று சட்டென்று தாவிவிட்டார்.

நிஜ மலையிலிருந்த ஒரு கொம்பன் இந்தப் புது மலையைப் பார்த்திருக்கிறது. சொந்தக்காரன் வீடு மாதிரி நேரே இறங்கி வந்துவிட்டது. கேட்டைத் தும்பிக்கையால் தள்ளவில்லையாம், தாழ்ப்பாளைத் திறந்து வந்ததாம். குவியலின் உச்சியில் ஆரம்பித்து அடிவாரம் வரை தின்றது. மயில்கள் கோபித்துக்கொண்டு பறந்து போயின. தின்று முடித்து ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், அந்தச் சாரியில் இருந்த அத்தனை வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. இலைப் பிரச்சினை அன்றோடு முடிந்தது. ஆனால் தின்றது சும்மா போகுமா? போகிற போக்கில் வாசலில் சாணம் போட்டது. போட்டது போட்டபடி இன்னொரு மலை. மாரக்கா பார்த்துவிட்டு, இது தோட்டக் குப்பையா, வீட்டுக் குப்பையா, எனக்குச் சொல்லத் தெரியாது என்றாள். அதிகாரியைக் கேட்டார்கள். அவர் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி இன்னும் மேலே கேட்டார். கோட்டை வரைக்கும் போய், கடைசியில் மேலிடத்து உத்தரவு வந்ததாம்.

“என்னன்னு வந்துதுங்க?” என்றார் ரங்கராசு.

“யானை எத்தன வேணா போடலாம். எடுக்கறது ஒரு சாக்குதான்னு வந்துது.”

ரங்கராசு இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை, சிரித்தே விட்டார். நானும் சிரித்தேன். அக்கா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அப்ப எலையெல்லாம் யானை தின்னுபோடுச்சுங்களா?”

“ஒண்ணு மிச்சமில்லைங்க அம்மணி.”

“வடிகால்ல கெடக்கறது பூராவும் பாதாம் எலைங்கண்ணா. நானே குனிஞ்சு கையில எடுத்துப் பாத்தனுங்க. இந்தக் காலனில பாதாம் மரம் உங்க வீட்ல மட்டுந்தானுங்க இருக்குது.”

மேஸ்திரி குனிந்து, கேழ்வரகு டின்னின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் ஒரு தரம் அமுக்கினார்.

“யானைக்குச் செரிக்கலையாட்ட இருக்குதுங்க” என்றார்.

அக்கா சங்கக் கூட்டத்தில் இவர் பேரைச் சொல்லிவிடுவார், மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டின்னின் மேலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“என்ற வண்டில மம்பட்டி இருக்குதுங்க. வாங்க, அடுத்த மழைக்குள்ள அள்ளிப்போடலாம்” என்றார் அக்கா. இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார். “இந்த வாரத்துலேர்ந்து யானைக்குப் போடறத எனக்குப் போடுங்க. மரத்த வெட்டினதுலேர்ந்து என்ற வீட்டுச் சாக்கு சும்மாதான் கெடக்குது.”

ரங்கராசு தன் சாக்கும் காலியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாடகைக்கு இருந்தாலும் எங்கள் வீட்டுக்கும் ஒரு சாக்கு உண்டு என்று நானும் சொன்னேன். மேஸ்திரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய தோரணையோடு அக்காவின் பின்னால் நடந்தார்.

“உங்க சாக்கு எத்தன பெருசுங்க அம்மணி?”

“சாக்கு அளவுதானுங்க” என்றார் அக்கா.