பித்தளை யானையின் தீர்ப்பு

முன்னொரு காலத்தில், பொறிகள் என்றால் உயிரை விடும் அரசன் ஒருவன் இருந்தான். சித்திரசேனன் என்று பெயர். கூவும் மரச்சேவல், தானே வீசும் விசிறி என்று அவன் அரண்மனையில் எந்நேரமும் ஏதாவது ஒன்று கடகடத்துக்கொண்டே இருக்கும்.

ஓர் ஆண்டு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய ஏரியின் மடைத்தலைவரை ஊராரே தேர்ந்தெடுக்கட்டும் என்றான். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது மடைத்தலைவர் கையில் இருந்தது. போட்டிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவன் பிரதானி மார்க்கசகாயத்தின் மருமகன் வீரபாகு. முந்தைய ஆண்டு மடை அவன் பொறுப்பில் இருந்தது. மாமனார் வயலில் தண்ணீர் தளும்பியது, கடைமடையில் பயிர் கருகியது. இன்னொருத்தி அந்தக் கடைமடையில் உழுகிற மாரக்காள்.

பிரதானி ஒரு பித்தளை யானையைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"மகாராஜா, இது வாக்கு எண்ணும் பொறி. வலது காது வீரபாகுவுக்கு, இடது காது மாரக்காளுக்கு. திரைக்குப் பின்னால் சென்று, விரும்பிய காதில் ஒரு மெழுகு உருண்டையைப் போட வேண்டும். உள்ளே சக்கரங்கள் எண்ணிக்கொள்ளும். உள்ளே எரியும் விளக்கு மெழுகை உருக்கிவிடும். யார் எதில் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. முடிவில், வென்றவர் பக்கம் யானை தும்பிக்கையைத் தூக்கும்."

அரசன் குழந்தைபோல் கைதட்டினான். விதூஷகன் வேம்பையன் மட்டும் சிரித்துவிட்டான்.

"ஏன் சிரித்தாய்?"

"ஒன்றுமில்லை மகாராஜா. யானை சரியாகத்தான் எண்ணியது என்று நமக்கு யார் சொல்வார்கள்? யானையேதானே?"

வேம்பையனைக் கவிழ்க்க நெடுநாளாகக் காத்திருந்த பிரதானி உடனே எழுந்தார். "பொறியில் குற்றம் உண்டென்றால் இவர் நிரூபிக்கட்டும். ஆனால் அதைத் தொடக் கூடாது, திறக்கவும் கூடாது. நுட்பமான வேலைப்பாடு, கெட்டுவிடும்."

தன் புது விளையாட்டுப் பொருளைக் குறை சொன்ன கோபம் அரசனுக்கு. "அப்படியே ஆகட்டும். நாளை சபையில் நிரூபிக்க வேண்டும். தவறினால் மீசையை மழித்துக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விரட்டுவேன்" என்றான்.

வெளியே மாரக்காள் நின்றிருந்தாள். "ஏன் சாமி, எங்களுக்காக வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீகளே!"

"மீசை திரும்ப முளைக்கும் தாயி. உங்க பயிர் கருகினா முளைக்குமா?" என்றான் வேம்பையன். சொன்னானே தவிர, கை தானாக மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் சபை கூடியது. வேம்பையன் யானைக்கு எட்டத்திலேயே நின்று கும்பிட்டான்.

"மகாராஜா, நான் தொடவும் மாட்டேன், திறக்கவும் மாட்டேன். ஒரு வெள்ளோட்டம் மட்டும் பார்க்கலாம். பிரதானியாருக்கு முத்துமாலை சூட்ட வேண்டும் என்பவர்கள் இடது காதில் போடட்டும். அவரை ஒரு வருஷம் யானைக்கொட்டடியில் சாணி அள்ள விட வேண்டும் என்பவர்கள் வலது காதில் போடட்டும். வாக்களிப்பவர்கள் எல்லாரும் பிரதானியாரின் சொந்தபந்தங்களாகவே இருக்கட்டும்."

பிரதானியின் முகம் வெளுத்தது. "காதை மாற்றிக்கொள்ளலாமே? மாலை... வலது பக்கம்தானே மங்களம்?"

"யானைக்கு இரண்டு காதும் ஒன்றுதானே, பிரதானியாரே?" என்றான் அரசன். "நடக்கட்டும்!"

தம்பி, மைத்துனன், சம்பந்தி, பெரியப்பா மகன் என்று ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். யானையின் வயிற்றில் சக்கரங்கள் உருண்டன. மணி அடித்தது. தும்பிக்கை மெல்ல எழுந்து வலப்பக்கம் நின்றது.

சாணி!

"அடப் பாவமே!" என்றான் வேம்பையன். "உங்கள் குடும்பத்துக்கே உங்கள்மேல் இவ்வளவு கோபமா?"

"பொய்!" என்று அலறினார் பிரதானி. "என் ஆட்கள் எல்லாரும் இடது காதில்தான் போட்டார்கள்! யார் எதில் போட்டாலும் அது வலது பக்கம்தான்..."

சொல்லை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"மகாராஜா, நான் யானையைத் திறக்கவில்லை" என்றான் வேம்பையன் பணிவாக. "திறந்தது பிரதானியாரின் வாய்தான்."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. பிரதானியைச் சாணி அள்ள அனுப்பிவிட்டுக் கேட்டான்: "சரி, நல்ல பொறி எப்படி இருக்க வேண்டும்?"

"வெறும் வயிற்றை முதலில் ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும். போடுகிற கையை யாரும் பார்க்கக் கூடாது. போட்டது உருகக் கூடாது. வென்றவன் எதையும் நம்புவான் மகாராஜா. தோற்றவன் சந்தேகப்பட்டால் திரும்ப எண்ணிப் பார்க்க வழி இருக்க வேண்டும்."

திரைக்குப் பின்னால் இரண்டு மண்பானைகள் வந்தன, மெழுகுக்குப் பதில் களிமண் உருண்டைகள் வந்தன. மாரக்காள் வென்றாள். வீரபாகு நம்பாமல் தரையில் கொட்டித் தானே எண்ணினான். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் எண்ணினான். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்தப் போகம் கடைமடையிலும் நாற்று நட்டார்கள்.

அரசனுக்குக் குறும்பு வந்தது. "வேம்பையா, என் சிம்மாசனத்துக்கும் இப்படி இரண்டு பானை வைத்தால்?"

"தாராளமாக வைக்கலாம் மகாராஜா. எண்ணிக்கை பிடிக்காவிட்டால், தாங்களும் தரையில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்."

அரசன் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இறங்கி வந்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வேம்பையனுக்குப் போர்த்தினான்.