பெருமதிப்பிற்குரிய பூசணிக்காய்களே

உழக்குப்பட்டிக்காரர்களைப் போலச் சொன்ன சொல் கேட்கிறவர்களை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது. மழை வந்தால் நெல்லை அள்ளி உள்ளே போடுங்கள் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். மழை வந்தது. நெல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. உடனே அதை வெளியே கொட்டி, நன்றாக நனையவிட்டு, பிறகு அள்ளி உள்ளே போட்டார்கள். அப்படிப்பட்ட தங்கமான ஊர்.

ஊருக்கு ஒரே குறை, பஸ் நிற்காது. ஊரின் நடுவாகத்தான் போகும், ஆனால் நிற்காமல் போகும். ஏற வேண்டுமென்றால் இரண்டு மைல் நடக்க வேண்டும். இந்த நிலையில் டிப்போ அதிகாரி ஒருவர் குறை கேட்க ஊருக்கே வரப்போவதாகத் தகவல் வந்தது. ஒரே ஒரு ஆள் மேடையேறிப் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

யார் பேசுவது என்று கூடி யோசித்தார்கள். ஊர்த்தலைவர் கொம்பையா நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, கொண்டல்சாமியைக் கை காட்டினார்.

கொண்டல்சாமிக்கு நாற்பது வயது. நாலு பேர் நின்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பேச்சையும் அவன் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. டீக்கடையில் "எனக்கு..." என்று ஆரம்பிப்பான், அதற்குள் பிச்சுமணி காப்பியை நீட்டிவிடுவார். இப்படியே இருபது வருஷமாகப் பிடிக்காத காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாளாவது வாயைத் திறந்து "டீ" என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய வாழ்நாள் ஆசை. பாவம், நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

"இவனையா?" என்று கேட்டாள் பூசணித் தோட்டக்காரி மாடத்தி.

"நாமெல்லாம் பேசிப் பேசித் தீத்துட்டோம்த்தா. இவன்கிட்டதான் நாப்பது வருசப் பேச்சு செலவழியாம அப்படியே கெடக்கு" என்றார் கொம்பையா.

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டவுனில் இருந்த மேடைப்பேச்சு வாத்தியாரிடம் கொண்டல்சாமியைக் கூட்டிப் போனார்கள். வாத்தியார் இரண்டே விஷயம் சொன்னார். கூட்டத்தைக் கண்டு பயம் வந்தால் எதிரே இருப்பதெல்லாம் பூசணிக்காய் என்று நினைத்துக்கொள். பேச ஆரம்பிக்குமுன் எல்லோரையும் 'அவர்களே' போட்டு மரியாதையாக அழை, ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் பொல்லாப்பு.

ஊர் திரும்பியதும் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கொண்டல்சாமி கண்ணை மூடி முக்கி முனகிப் பார்த்தான். ஒரு பூசணிக்காய்கூட வரவில்லை. சரி, நினைக்க வராதவனுக்கு நிஜத்தையே கொடுப்போம் என்று மாடத்தியின் தோட்டத்திலிருந்து நாற்பது பூசணிக்காய்களைப் பறித்துக் களத்தில் வரிசையாக வைத்தார்கள். ஊரில் கொண்டல்சாமி போக நாற்பது பேர். யார் பெயரும் விட்டுப்போகக் கூடாதே, ஆளுக்கொரு காய்க்கு அவரவர் பெயரையே வைத்தார்கள். கொம்பையா பெரிய காயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொத்தைக் காய் தன் தலையில் விழுந்ததில் பிச்சுமணிக்கு இரண்டு நாள் மனத்தாங்கல்.

தினமும் காலையில் பயிற்சி. முதல் நாள் அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. பூசணிக்காய்கள் குறுக்கே பேசவில்லை, சிரிக்கவில்லை, பாதியில் எழுந்து போகவில்லை. மூன்றாம் நாள் அவன் குரல் மேலத்தெரு வரை கேட்டது. பத்தாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசினான். தான் எதற்காகப் பிறந்தோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

அதிகாரி வந்தார். மேடையில் உட்காரவைத்து, மாலை போட்டு, சோடா கொடுத்தார்கள். எதிரே நாற்பது நாற்காலியில் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். கொண்டல்சாமி மைக்கைப் பிடித்தான், கூட்டத்தைப் பார்த்தான், பேசாமல் இறங்கி வந்துவிட்டான்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார் கொம்பையா.

"இவங்க யாருன்னே தெரியலைண்ணே. எனக்குப் பழக்கமான ஆளுக ஒருத்தரும் வரலை."

தப்பு நம்முடையதுதான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து பூசணிக்காய்களைத் தூக்கி வந்து, அவரவர் நாற்காலியில் அவரவர் காயை வைத்துவிட்டு, கோயில் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் பூசணிக்காய்தான் தெரிந்தது.

கொண்டல்சாமி மேடையேறினான். "பெருமதிப்பிற்குரிய ஊர்த்தலைவர் கொம்பையா அவர்களே" என்று தொடங்கி, நாற்பது பேரையும் குலம், கோத்திரம், குணநலன் சொல்லி அழைத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் நிமிர்ந்து நின்று, "எங்க ஊர்ல பஸ் நிக்கணும்" என்றான். நாற்பது வருஷத்தில் அவன் முடித்த முதல் பேச்சு அது. சுவருக்குப் பின்னால் எல்லோரும் அழுதுவிட்டார்கள்.

அதிகாரி எழுந்தார். "இங்க உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நாளைக்குக் காலையில ஆறரை மணிக்கு ரோட்டுல வந்து நிக்கட்டும். பஸ் தாராளமா நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கடுப்பில்தான் சொன்னார். உழக்குப்பட்டிக்கு அதெல்லாம் தெரியுமா?

மறுநாள் ஆறரை மணிக்கு, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். பனிக்கு இதமாக ஒவ்வொரு காய்க்கும் துண்டு கட்டியிருந்தது. மூடுபனியில் நாற்பது தலைப்பாகையைக் கண்ட டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது.

காய்களை மூட்டை கட்டி மேலே ஏற்றச் சொன்னார் கண்டக்டர். "ஊர்ப் பெரியவங்களை மரியாதையாப் பேசுங்க" என்று கொம்பையா கண்டித்து, ஆளுக்கு ஒரு முழு டிக்கெட் எடுத்து, சீட்டில் உட்காரவைத்தார். எங்கே இறக்க வேண்டும் என்று கேட்ட கண்டக்டரிடம், டவுனைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாயங்காலம் இதே பஸ்ஸில் வந்துவிடுவார்கள் என்றார். மற்றவர்கள் ஏறப் பார்த்தபோது இடமில்லை. யாருக்கும் வருத்தமில்லை. "நான் ஜன்னலோரமால்லா போறேன்" என்று மாடத்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொண்டல்சாமி வழியனுப்பு உரை நிகழ்த்தினான். அந்தத் தெம்போடு நேராக டீக்கடைக்குப் போனான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மாண்புமிகு பிச்சுமணி அவர்களே, கொதித்துக்கொண்டிருக்கும் பாய்லர் அவர்களே, தம்ளர்களே, எனக்கு ஒரு டீ வேண்டும்."

ஒரு தடங்கலும் இல்லை. பிச்சுமணி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"போடலாம்தான். ஆனா நான் காலைலேயே பஸ்ஸேறி டவுனுக்குப் போயிட்டேனப்பா. சாயங்காலம் வந்ததும் முதல் டீ உனக்குத்தான்."

அதுவும் நியாயம்தானே. கொண்டல்சாமி பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்கால பஸ்ஸுக்கு வரவேற்புரை தயார் செய்ய ஆரம்பித்தான்.